ஈரல் கலத்தைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

தலவாக்கலையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இருமுறை வாசித்தேன். உயர்தரத்தில் இரண்டாம் தடவையும் மகள் மருத்துவபீட வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. இப்போது, ஈரல் கலத்துக்குள் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) எப்படி அடங்கி எழுகின்றன என்று படிக்கப்போவதாகச் சொல்கிறாள். அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவள் சொல்வது என்னவென்று பார்ப்போம். கொழுப்பு சமிப்பதற்காக ஈரல் பித்த அமிலத்தைக் குடலுக்கு அனுப்புகிறது. அதில் ஏறத்தாழ 95 சதவீதம் இரத்தத்தோடு ஈரலுக்கே திரும்பி வருகிறது. வருவதை உள்ளே எடுக்கும் முக்கிய வாசல், கலத்தின் மென்சவ்வில் இருக்கும் என்.டி.சி.பி. என்ற புரதம். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அளவுக்கு மீறிக் குவிந்தால் சூடேறிப் பழுதாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பித்த அமிலமும் கலத்தில் மிஞ்சினால் கலத்தையே கெடுக்கும். ஆகவே கலத்துக்குள் இருக்கும் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற வாங்கிப் புரதம் (ரிசெப்டர்) அந்த அளவைக் கவனிக்கிறது. பித்த அமிலம் அதில் பிணைந்ததும், வெளியே தள்ளும் புரதத்தின் பரம்பரையலகு முடுக்கப்படுகிறது, என்.டி.சி.பி.யின் பரம்பரையலகு அடக்கப்படுகிறது. அப்படி அடக்கும் வழி எலியிலும் மனிதரிலும் ஒன்றல்ல. உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, அம்மா. ஹெபடைடிஸ் பி வைரசு ஈரலுக்குள் நுழைவதும் இதே வாசலால்தான் என்று 2012-இல் பீஜிங்கில் ஓர் ஆய்வுக்குழு கண்டறிந்தது. அந்த வாசலை அடைக்கும் புலெவிர்டைட் என்ற மருந்துக்கு 2020-இல் ஐரோப்பாவில், அதே வாசலால் நுழையும் ஹெபடைடிஸ் டி வைரசின் நோய்க்காக அனுமதி கிடைத்தது.

இனி விண்ணப்பம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதி அனுப்ப வேண்டும். மேலே எழுதியதற்கு, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி போதுமானால் அதுவே கிடைக்கும். அதற்குக் கீழே எழுதியவை கணக்கில் வராது. பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தால் வைத்தியசாலை ஆய்வுகூட வேலைக்கு நேர்வழி. அங்கேயே விஞ்ஞானபீடத்தில் மூலக்கூற்று உயிரியல் படிப்பது நீண்ட பாதை: பட்டம், முதுமாணி, பிறகு பெரும்பாலும் வெளிநாட்டில் கலாநிதிப் படிப்பு.

அக்காவின் உழைப்பை நம்பித்தான் தம்பியின் படிப்பு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: ஆய்வுகூட விஞ்ஞானத்தை மேலேயும் மூலக்கூற்று உயிரியலுக்கான பாடநெறியை அடுத்தும் எழுதட்டும். ஈரல் பரிசோதனைகளை நாள்தோறும் செய்துகொண்டே, பிற்பாடு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் முதுமாணிக்கு அவள் முயலலாம். ஆசை தள்ளிப்போகும் என்று அவள் வருந்துவாள். அந்த வருத்தம் நியாயமானது.

மூன்றாம் தடவை பரீட்சை எழுத வைக்க வேண்டாம். உங்கள் நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுவதால், இருக்கும் புள்ளிக்கே சில கதவுகள் திறக்கலாம். காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலம் படிக்கட்டும்; விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். மலையகப் பிள்ளைகள் பலர் முதல் வருடத்தில் தடுமாறுவது பாடத்தால் அல்ல, மொழியால்தான்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒரு பிரதியுடன் வாருங்கள். மகளும் கட்டாயம் வரட்டும். அவள் வாயால் கேட்காமல் அந்த ஒழுங்கை நாம் இருவரும் முடிவுசெய்யக் கூடாது.