டெடி பொம்மையும் பறக்கும் பிசிறும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் அண்ணியும் வீட்டிலேயே ஃபர் துணியில் டெடி பொம்மைகள் தைத்து, கோடை சீசனில் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். துணியை வெட்டத் தொடங்கியதுமே மயிர்ப் பிசிறு அறை முழுவதும் பறந்து, ஸ்வெட்டரிலும் படுக்கையிலும் சில வேளை சாப்பாட்டிலும்கூட ஒட்டிக்கொள்கிறது. குளிரில் சன்னலைத் திறந்து வைக்கவும் முடிவதில்லை. இதற்கு வழி உண்டா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உண்டு. பறந்துவிட்ட பிசிறைத் துரத்துவதைக் காட்டிலும், அது உண்டாகாதபடி வெட்டப் பழகுவதே சரியான வழி. சாதாரணத் துணியைப் போல மடித்துப் போட்டுப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டும்போது, அடித்துணியோடு மயிரும் பாதியில் அறுபடுகிறது. அந்தத் துண்டு மயிர்தான் அறையெங்கும் பரவுகிறது. ஆகவே துணியை ஒற்றையாக, மயிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, பின்பக்கத்தில் பேனாவால் வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். கூர்மையான சிறு கத்தரிக்கோலின் நுனியை அடித்துணிக்குள் மட்டும் செலுத்தி, மயிரை விலக்கியபடியே சிறு சிறு வெட்டாக முன்னேறுங்கள். பிளேடால் வெட்டுவதானால் துணியை மேசையிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்து, அடித்துணியை மட்டும் கீறுங்கள். இரு துண்டுகளையும் மெதுவாகப் பிரித்தெடுத்தால் மயிர் முழு நீளத்தோடு அப்படியே நிற்கும். நேரம் கூடுதலாகும் என்பது உண்மை. ஆனால் தைத்த பிறகு அந்த நீள மயிரே தையலை மறைப்பதால், பொம்மையின் அழகும் கூடும்.

எவ்வளவு கவனித்தாலும் விளிம்பில் கொஞ்சம் பிசிறு நிற்கத்தான் செய்யும். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, அதற்குள்ளேயே வெட்டுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் குழாயை வெட்டும் இடத்துக்கு அருகில் பொருத்திக்கொள்ளலாம். வெட்டிய துண்டுகளை உடனே ஒரு பழைய தலையணை உறையில் போட்டு, வாயைக் கட்டி, வாசலில் வைத்து நன்றாக உதறுங்கள். உதிர வேண்டியதில் பெரும்பகுதி உறைக்குள்ளேயே உதிர்ந்துவிடும்; தைக்கும்போது தொல்லை பாதியாகக் குறையும்.

மலையில் வாழ்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவையும் சில உள்ளன. உறைபனி விழும் ஜனவரியில் காற்று வறண்டிருப்பதால், ஃபர் துணியின் அக்ரிலிக், பாலியெஸ்டர் இழைகளில் நிலைமின்சாரம் ஏறி, பிசிறு கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டும். துணியின் பின்பக்கத்தில் மட்டும் தண்ணீரை லேசாகத் தெளித்துவிட்டு வெட்டினால் அது அடங்கும். ஸ்வெட்டரோடு வெட்ட உட்காராதீர்கள். அதன் மேல் வழவழப்பான பருத்தி அங்கி ஒன்றை அணிந்துகொள்ளுங்கள். முகக்கவசமும் அவசியம், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்த அறைக்கு அவர் வரவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பி சிவந்து எரியும் ஹீட்டரையோ கரிக் கணப்பையோ வெட்டும் அறையில் வைக்காதீர்கள்: பறக்கும் இழை எளிதில் தீப்பற்றும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய பிசிறு மறுபடி எழும்பும். ஈரத்துணியால் துடையுங்கள், மெத்தையிலும் நாற்காலியிலும் ஒட்டியதை, ரப்பர் கையுறையை நனைத்து ஒரே திசையில் தேய்த்தால் அது உருண்டு திரண்டு வந்துவிடும்.

தையல் இயந்திரத்தையும் மறந்துவிடாதீர்கள். ஊசித் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையிலும் பாபின் உறையிலும் சேர்ந்த பிசிறைத் தூரிகையால் எடுத்த பிறகே எண்ணெய் விடுங்கள். வாயால் ஊதினால் அது இன்னும் உள்ளே போகும்.

கேள்வி: தைத்து முடித்த பொம்மையிலிருந்தும் மயிர் உதிர்கிறதே, ஏன்? குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: விளிம்புப் பிசிறு தையலுக்குள் சிக்கியிருந்தால் சில நாள் உதிர்ந்து நின்றுவிடும். கம்பிச் சீப்பால் மென்மையாகச் சீவி எடுத்தால் போதும். சீவச் சீவ வந்துகொண்டே இருந்தால் துணியே தரமற்றது. வாங்கும்போது ஒரு சிட்டிகை மயிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்; கையோடு வந்தால் வாங்காதீர்கள். 1902-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் டெடி பொம்மை உருவான காலத்தில் பயன்பட்ட மொஹேர் என்னும் துணி, அங்கோரா ஆட்டு மயிரை அடித்துணியோடு நெய்தது என்பதால் அதிகம் உதிராது, ஆனால் விலை மிகுதி. எதையும் வாயில் வைக்கும் கைக்குழந்தைக்கு நீள மயிர்ப் பொம்மையே வேண்டாம். குட்டை மயிர்த் துணியில் தைத்து, பிளாஸ்டிக் கண்ணுக்குப் பதிலாக நூலால் கண் பின்னிக் கொடுங்கள்.

கேள்வி: சேர்ந்த பிசிறைக் கணப்பில் போட்டு எரித்துவிடலாமா?
– வாசகி, உதகை

பதில்: கூடவே கூடாது. அக்ரிலிக் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நச்சு வாயு வெளிப்படும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. இந்த இழைகள் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவை, மண்ணில் மக்காதவை. ஆகையால் தோட்டத்து எருக்குழியிலும் ஓடையிலும் கொட்டாதீர்கள். லேசாக ஈரப்படுத்தி உருட்டி, காகிதப் பையில் இறுகக் கட்டி, மக்காத குப்பையோடு சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.