வாரம் மூன்று டாலர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1830இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அடிமைகள் சுமார் 4,000 பேர், சுதந்திரக் கறுப்பர்கள் 14,000க்கும் மேல் என்று படித்தேன். அந்தத் துறைமுகத்தில் அடிமைமுறை தானாகவே ஓய்ந்துகொண்டிருந்ததா? அங்கே அடிமையாயிருந்து, பின்னால் அடிமை ஒழிப்புப் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸை அவர் எஜமான் ஹியூ ஆல்ட் சொந்தமாக வேலை தேடிக்கொள்ள விட்டாரே, கொஞ்சம் ஈரமுள்ள மனிதரோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணிக்கை சரி. ஆனால் பிராட் தெரு அடிமை வியாபாரி ஆஸ்டின் வுல்ஃபோக் நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பலேற்றியவர்களை அந்தக் கணக்கு காட்டாது. அது இன்னொரு நாளைக்கு. ஆல்டின் ஈரத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. நல்ல மனசோடு கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கேட்டிருக்கிறீர்கள்.

டக்ளஸ் பார்த்தது கப்பல் கலப்பத்து வேலை. பழைய கயிற்றைப் பிரித்த நாரைத் திரித்து, பலகை இடுக்கில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இறுக அடித்து, மேலே சூடான கீல் பூச வேண்டும். நனைந்த பலகையில் கீல் பிடிக்காது. மழை என்றால் கூலி இல்லை. நாளுக்கு 1.50 டாலர் வரை சம்பாதித்தார். அத்தனையும் வாரக் கடைசியில் ஆல்ட் கைக்குப் போயிற்று. 6 டாலர் கொண்டுவந்தால் சில சமயம் 6 சென்ட் திரும்பி வரும். ஈரம் அவ்வளவுதான்.

1838 மே மாதம் நீங்கள் சொல்லும் ஏற்பாடு வந்தது. ஆல்டுக்கு வாரம் 3 டாலர். சாப்பாடும் தங்கலும் 2.50. துணியும் கருவித் தேய்மானமும் சேர்த்தால் ஏறக்குறைய 6 டாலர், அதாவது நாலு நாள் முழுக்கூலி. ஆறு நாளில் இரண்டு நாள் மழை பெய்தால் மிச்சம் ஒன்றுமில்லை. மூன்று நாள் பெய்தால் துண்டு விழும். வேலையே கிடைக்காத வாரத்திலும் 3 டாலர் வந்தாக வேண்டும். முன்பு அப்படிப்பட்ட வாரத்தில் சோறு போட்டது ஆல்ட். இப்போது மழையும் மந்தமும் அடிமையின் தலையில். வெள்ளத்தில் பயிர் போனாலும் குத்தகை நெல்லை அளக்கச் சொல்கிறவனை நீங்கள் தாராளன் என்பீர்களா?

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை டக்ளஸ் ஊருக்கு வெளியே ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார். பணம் தாமதமாக வந்தது. அனுமதி அன்றோடு ரத்து. செப்டம்பர் 3இல் அவர் தப்பினார்.

அவர் போய்ச் சேர்ந்த, அடிமைமுறை இல்லாத வடக்குத் துறைமுகம் நியூ பெட்ஃபோர்டில் கலப்பத்துக்கு நாளுக்கு 2 டாலர். வெள்ளைத் தொழிலாளர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்ய மறுத்ததால், விறகு அறுத்தும் கரி அள்ளியும் 1 டாலருக்கு உழைத்தார். அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் கேளுங்கள். இந்தத் தடவை தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.