டைனமோவில் றேடியோ இரைகிறதா?

தம்பி, பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சைக்கிள் டைனமோவில் றேடியோ பூட்டினால் இரைச்சல்தான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் (AC), றேடியோவுக்கு ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் (DC) வேண்டும். மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் நான்கைப் பாலமாகக் (bridge) கட்டி, அதன் வெளியீட்டில் 2200 மைக்ரோபரட், 25 வோல்ட் கொள்ளளவி (capacitor) ஒன்றைப் பூட்டுங்கள், இரைச்சல் அடங்கும். நான்கு பற்றரி போடுகிற 6 வோல்ட் றேடியோதான் பொருந்தும். முன்விளக்குக் குமிழைக் கழற்றாதீர்கள். சுமையில்லாமல் வேகமாகச் சுற்றினால் வோல்ட் 6ஐத் தாண்டிப் போய் றேடியோ எரிந்துவிடும்.

போர்க்காலத்தில், 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா பெடலைக் கையால் சுற்றுவார், நாங்கள் செய்தி கேட்போம். அவர் களைத்தால் செய்தியும் தேயும். அதனால் மிதிக்காமல் கையாலேயே சுற்றிக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்கும்.

பக்கத்தில் அந்தக் காலத்து ஜாம் போத்தல் விளக்கு ஒன்றும் வையுங்கள்: அடியில் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி.