கண்ணும் காதும் பார்த்தாச்சா? வாசகர் கேள்விகளுக்குக் கல்வி உளவியலாளர் பதில்

இந்த மாதம் மலேசியாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிள்ளையைச் சோதித்துவிட்டுக் கொடுக்கும் ரிப்போர்ட் பற்றியவை. பிள்ளையைப் பற்றி இரண்டு வரி, ரிப்போர்ட்டைப் பற்றி இரண்டு பக்கம். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்வி உளவியலாளர் என்றால் டாக்டரா? மருந்து தருவாரா? (கெப்போங் வாசகர்)

டாக்டர் இல்லை, மருந்தும் தரமாட்டார். பிள்ளை கற்பதில் எங்கே தடுமாறுகிறது என்று சோதித்துப் பார்த்து, வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்யலாம் என்று சொல்பவர். சிலருடைய பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருக்கும், அது முனைவர் பட்டம். மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ குழந்தை நல மருத்துவரிடமோதான் போக வேண்டும்.

என் மகன் படிக்கவே மாட்டேங்கிறான். என்ன செய்யலாம்? (பெயரும் ஊரும் இல்லை)

வயசு என்ன? எந்த ஆண்டு? தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா? படிக்க மாட்டேன் என்கிறானா, படிக்க முடியவில்லையா? இரண்டும் ஒன்றில்லை. ஒரு வரியில் கேட்டால் நானும் ஒரு வரியில்தான் சொல்ல முடியும்: முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். 'கவனமே இல்லை' என்று ஆசிரியர் எழுதித் தந்த சீட்டோடு வந்த ஒரு பையனுக்குக் காதுக்குள் நீர் கட்டி இருந்தது, அவனைப் பின்வரிசையில் வேறு உட்கார வைத்திருந்தார்கள். என்னிடம் வருவதற்கு முன் அவன் காது டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஒரு மையத்தில் சோதித்து ஐ.கியூ. (நுண்ணறிவு எண்) 78 என்று கொடுத்துவிட்டார்கள். சிறப்புக் கல்வி வகுப்புதான் சரி என்கிறார்கள். சோதனை முழுக்க ஆங்கிலத்தில். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். (செந்தூல் அம்மா)

அம்மா, உங்கள் கடிதத்தில் கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் முதலில் வந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருஷக் கோபம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தச் சோதனைகளில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். ஆனால் அந்த 100 எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டது? பெரும்பாலும் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ வளர்ந்த, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்து. உங்கள் மகளை அவர்களோடு அவர்கள் மொழியிலேயே ஓட விட்டிருக்கிறார்கள். அவள் எவ்வளவு யோசிக்கிறாள் என்பதை விட, அவளுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பதைத்தான் அது அதிகம் சொல்கிறது.

என் அறையில் நடந்ததைச் சொல்கிறேன் (நிஜச் சோதனைக் கேள்வியை அச்சில் போடக் கூடாது, ஆகவே பொருளை மாற்றிவிட்டேன்). எட்டு வயசுப் பெண். குடை எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டால் தரையைப் பார்க்கிறாள். தமிழில் கேட்டேன். "மழ பேஞ்சா புடிக்கிறது. வெயிலுக்கும் புடிக்கலாம், ஆனா எங்க பாட்டி அத ஊணிக்கிட்டு நடக்கும்" என்றாள். மூன்று பயன், அதில் ஒன்று குடை செய்தவனே நினைக்காதது. ஆங்கிலத் தாளில் இவளுக்கு அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்.

இன்னொன்று, 78 என்பது கல்வெட்டு இல்லை. அந்த எண்ணுக்கு மேலேயும் கீழேயும் ஐந்தாறு புள்ளி இழுபறி எப்போதும் உண்டு, ஒழுங்கான ரிப்போர்ட் அதை எழுதியே கொடுக்கும். எண்ணை மட்டும் வைத்து அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று முடிவு கட்டவும் கூடாது. பிள்ளை தானாகக் குளித்து உடுத்திக்கொள்கிறாளா, கடைக்குப் போய் மீதிக் காசைச் சரியாக வாங்கி வருகிறாளா, தம்பியைச் சமாளிக்கிறாளா, இதையெல்லாம் வீட்டிலும் பள்ளியிலும் விசாரிக்க வேண்டும். வகுப்பில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் மையம் பள்ளிக்குப் போனதா? ஆசிரியரிடம் போனிலாவது பேசியதா? கடிதத்தில் அது பற்றி ஒரு சொல் இல்லை.

தமிழ் வாசிப்பையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டிலிருந்தே தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்றையும் சுமக்கிற பிள்ளை அவள். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம், மூன்றிலும் ஒரே மாதிரி தெரியாது. தமிழில் 'கொ' எழுதும்போது கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலியோ ஒன்று. அங்கே தடுமாறும் பிள்ளைகள் நிறைய. சிலர் தமிழைத் தப்பில்லாமல் வாசிப்பார்கள், ஆனால் ஒரு பத்திக்கு ஐந்து நிமிஷம் ஆகும். தப்பை மட்டும் எண்ணினால் அந்தப் பிள்ளையின் சிரமம் கண்ணில் படாமல் போய்விடும், நேரத்தையும் பார்க்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: கண், காது. அப்புறம் பள்ளியின் குறைநீக்கல் ஆசிரியரிடம் (படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தருபவர்) பேசுங்கள், மூன்றாம் ஆண்டு வரை அந்த வகுப்பு இருக்கிறது. அப்புறம் தமிழ் தெரிந்த ஒருவரிடம் மறுபரிசீலனை. ஆனால் அதே சோதனையை அடுத்த மாதமே திரும்பச் செய்யாதீர்கள், பழக்கத்தில் எண் ஏறும், அது வளர்ச்சி ஆகாது. தனியாரிடம் போனால் செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். பொது மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மகனுக்கு அடுத்த மாதம் சோதனை. கேள்விகளை அனுப்பினால் டியூஷன் வைத்துப் பழக்கிவிடலாம். (கிள்ளான் வாசகர்)

காய்ச்சல் பார்க்கப் போகும்போது தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுப்பீர்களா? அனுப்ப மாட்டேன். பையனை நன்றாகத் தூங்க வைத்து, பசியாற வைத்து அனுப்புங்கள், போதும்.

தமிழ்ப்பள்ளியில் எட்டு வருஷம் ஆசிரியராக இருக்கிறேன். கல்வி உளவியலாளர் ஆக முடியுமா? (பிறை ஆசிரியை)

முடியும் டீச்சர். உங்கள் எட்டு வருஷம் பெரிய சொத்து. பிரிட்டனில் பல காலம் ஆசிரியராக இருந்தவர்களைத்தான் இந்த வேலைக்கு எடுத்தார்கள். இப்போது இங்கிலாந்தில் அந்தக் கட்டாயம் இல்லை, பதிலுக்கு மூன்று வருஷ முனைவர் பயிற்சி. அங்கே இந்தப் பட்டப்பெயர் சட்டக் காவலில் இருக்கிறது, 2009 முதல் எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதியாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே முதல் கல்வி உளவியலாளராக சிரில் பர்ட் என்பவரை லண்டன் நகராட்சி வேலைக்கு வைத்தது 1913-இல், அப்படியென்றால் அவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம்.

நம் நாட்டில் ஆலோசகர்களுக்கு (கவுன்சலிங் செய்கிறவர்களுக்கு) 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு கட்டாயம். மருத்துவ உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். நம் தொழிலுக்கு அவ்வளவு இறுக்கமான வேலி இல்லை, அதனால்தான் வார இறுதிப் பயிற்சி முடித்தவர்களும் பலகை மாட்டுகிறார்கள். நீங்கள் உளவியல் அடிப்படை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதை முடித்து, மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி உள்ள முதுகலைக்குப் போங்கள். விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியது: எத்தனை மணி நேரம் பள்ளியில், யார் மேற்பார்வை? அதற்கு வழவழவென்று பதில் வந்தால் கட்டணம் கட்டாதீர்கள்.

ஓ.கே.யூ. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தால் பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடாதா? (பத்துமலை அப்பா)

கெடாது. பதிவு உங்கள் விருப்பம்தான், சமூகநலத்துறையில் செய்வது, மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும், என் கையெழுத்து மட்டும் போதாது. படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் ஐந்தில் விழித்துக்கொண்டு என்னிடம் ஓடி வராதீர்கள்.

தமிழ்ப்பள்ளியில் வாயாடியாக இருந்த மகன், மலாய்வழி இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போனதிலிருந்து பேசுவதே இல்லை. சோதனைக்குக் கூட்டி வரட்டுமா? (பட்டர்வொர்த் அம்மா)

வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் பேசுகிறானா? பேசுகிறான் என்றால் மூளையில் கோளாறு தேடாதீர்கள், வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறான், இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறான், மலாயில் வாயைத் திறந்தால் யாராவது சிரிக்கிறார்களா என்று பாருங்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரை முதலில் பாருங்கள், நல்ல கல்வி உளவியலாளர் வந்தாலும் அவர் வேலை அங்கிருந்துதான் தொடங்கும். வீட்டிலும் பேசவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அப்படியே காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.