மனுவை அவர்களே கொடுக்கட்டும்

கேள்வி: ஒன்றிய அளவில் சிறப்புப் பயிற்றுநராக வேலை செய்கிறேன். நான் செல்லும் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் சிலரும், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமியும் படிக்கிறார்கள். மரம் நடுதல், விழிப்புணர்வு ஊர்வலம் என்று எது நடந்தாலும் இவர்களைப் பதாகையோடு ஓரமாக நிறுத்திப் படம் எடுத்துவிட்டு வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊருக்காக இவர்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. தலைமையாசிரியரோ, “பாவம், அவர்களை ஏன் அலைக்கழிக்கிறீர்கள் டீச்சர்?” என்கிறார். பெற்றோருக்கும் பயம். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தலைமையாசிரியர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த இரக்கம்தான் இந்தப் பிள்ளைகளைக் காலம் முழுவதும் வாங்கிக்கொள்பவர்களாகவே வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், டிபன் பாக்ஸ் கொடுக்கிறோம், மேடையேற்றிக் கைதட்டுகிறோம். “இந்த ஊரில் உனக்கு எது சரியில்லை?” என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நீங்கள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மரக்கன்றும் ஊர்வலமும் நாம் முடிவு செய்த வேலைகள். அவை பிறகு வரட்டும்.

ஒரு நாள் பள்ளி வாசலிலிருந்து கடைத்தெரு வரை அவர்களை அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியைக் கொடுத்து, பிடித்த இடம் ஒன்று, சிரமப்படுத்தும் இடம் ஒன்று என்று ஒவ்வொருவரையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து படங்களை அச்சிட்டு மேசைமீது பரப்புங்கள். இனிதான் கவனம் தேவை. “இது பிடிக்கவில்லையா?” என்று கேட்டால் பல பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள், ஆமாம் என்றால் டீச்சர் சந்தோஷப்படுவார் என்பது அவர்களுக்குப் பழகிப்போன பாடம். அதனால் இரண்டு படங்களை வைத்து ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சற்று நேரம் கழித்து அவற்றை இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே படத்தைத் தொட்டால் அதைப் பிள்ளையின் கருத்து என்று நம்பலாம். கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம்தான் அவசரப்பட்டு அவர்களுடைய பதிலை விழுங்கிவிடுகிறோம். கைநீட்டிக் காட்ட முடியாத சிறுமிக்கு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் படங்களைப் பிடித்தால், அவள் பார்வை எங்கே நிலைக்கிறது என்று தெரிந்துவிடும்.

அவர்கள் தேர்ந்தெடுப்பது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். எட்டாத குழாய், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, தெருமுனை நாய்கள். தயவுசெய்து அதை ஒதுக்கிவிட்டு, பெரிய தலைப்பு ஒன்றைக் கொண்டுவந்து திணிக்காதீர்கள்.

நியாயவிலைக் கடையின் படி என்று முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு நாடாவோடு போய்ப் படியின் உயரத்தை அவர்களே அளக்கட்டும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். படி 15 செ.மீ. என்றால் 180 செ.மீ. தரையில் அந்த நீளத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். கணக்கு நோட்டில் எண்களைக் கண்டு மிரளும் பையன், நாடாவைப் பிடித்துக்கொண்டு “இது வரைக்கும் வர வேண்டும்” என்று கடைக்காரரிடம் காட்டுவான். சாய்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று காது கேளாத பிள்ளைகள் வரையட்டும். “வணக்கம், எங்கள் மனுவை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஒரு தோழியின் குரலைப் பதிவு செய்துவைத்தால், பேச்சு வராத சிறுமி பொத்தானை அழுத்தி அதை ஒலிக்கச் செய்யலாம். மனுவின் அடியில் கையெழுத்து, கைரேகை, படம் என்று யாரால் எது முடிகிறதோ அது இருக்கட்டும். மற்ற மாணவர்களும் சேர்ந்து வரட்டும். இவர்களுக்குப் பதிலாகப் பேச மட்டும் வேண்டாம்.

முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள்; அருகில் இருக்கிறது, தெரிந்த முகங்கள். அங்கே நகரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் பெற்றோர் எழுந்து பேச, பிள்ளைகள் படங்களைக் காட்டலாம்.

தலைமையாசிரியரிடம் வாக்குவாதம் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் நான்காவது பிரிவை அச்செடுத்துக் கொடுங்கள். தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை இந்தக் குழந்தைகளுக்குச் சமமாக உண்டு, அதற்கான உதவியை அரசும் உள்ளாட்சியும் தர வேண்டும் என்கிறது அது. வாஷிங்டனில் காது கேளாதோருக்காக 1864-ல் தொடங்கிய கல்லாடெட் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தும் 124 ஆண்டுகள் காது கேட்பவர்களையே தலைவராக வைத்திருந்தது. 1988 மார்ச்சில் மாணவர்கள் வாயில்களை மூடிப் போராடினார்கள். ஒரே வாரத்தில் ஐ. கிங் ஜோர்டான் அங்கே காது கேளாத முதல் தலைவரானார். இதையும் தலைமையாசிரியருக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் ஒரு வாரத்தில் நடந்துவிடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். மெரினாவில் சக்கர நாற்காலி அலைக்கு அருகே போக ஒரு பாதை கேட்டு மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். தற்காலிகப் பாதைகளுக்குப் பிறகு 2022 நவம்பரில்தான் நிரந்தரப் பாதை திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைக்க, மறுபடி சரிசெய்தார்கள். மனுவுக்கு ரசீது வாங்கி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் நாட்காட்டி மாட்டி, பதில் வராத ஒவ்வொரு நாளையும் ஒரு பிள்ளை அடித்துக்கொண்டே வரட்டும். முப்பது நாள் ஆனதும் மறுபடி போகலாம்.

பெற்றோரின் பயம் நியாயமானது. நாலு பேர் முன்னால் பிள்ளை கேலிக்கு ஆளாகிவிடுமோ என்று நெஞ்சு பதறும். பள்ளியிலேயே ஒத்திகை பாருங்கள். ஒரு ஆசிரியர் மேசை போட்டு அதிகாரியாக உட்காரட்டும். கிளம்புவது, காத்திருப்பது, மனு கொடுப்பது, திரும்புவது என்று நான்கு படங்களை வரிசையாக ஒட்டிக் கையில் கொடுத்தால் பதற்றம் குறையும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். அன்று காலை ஒரு பிள்ளை வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அதுவும் அந்தப் பிள்ளையின் முடிவுதான். பிள்ளையும் பெற்றோரும் சம்மதிக்காமல் ஒரு படம்கூட வாட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது.

அதிகாரி சாக்லேட் கொடுத்து, தலையைத் தடவி, படம் எடுத்து அனுப்பிவிடப் பார்க்கலாம். அப்போது நீங்கள் பணிவாக, ஆனால் நகராமல் நின்று, “எங்களுக்கு எந்தத் தேதியில் பதில் கிடைக்கும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், ஐயா” என்று சொல்லுங்கள். அவர் சொல்லும் தேதியை அங்கேயே, அவர் கண்ணெதிரே, ஒரு பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.