பட்டன் இருக்கிறது, பிடிப்பு எங்கே? – ஆட்டோகிராஸ் கேள்வி பதில்

கேள்வி: சார், முதல் முறையாக ஆட்டோகிராஸ் ஓட்டப்போகிறேன். 400 குதிரைத்திறனுக்குக் குறைந்து வாங்கினால் பின்னால் வருத்தப்படுவாய் என்கிறான் நண்பன். எந்த கார் வாங்கலாம்?
– முதல் கார் தேடுபவர்

பதில்: நண்பர் இதுவரை எத்தனை ரன் ஓட்டியிருக்கிறார் என்று கேட்டீர்களா? பெரிய காலி மைதானத்தில் கோன்களை அடுக்கிவைத்து, ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு மோதுவதுதான் ஆட்டோகிராஸ். ஒரு ரன் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கிளம்ப முதல் கியர், அப்புறம் ஏறக்குறைய கடைசி வரைக்கும் இரண்டாவது கியர். 400 குதிரையையும் அவிழ்த்துவிட இடம் ஏது? அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் பந்தயக் கிளப்பின் விதிப்படி ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி அபராதம். அந்த 2 விநாடியை எந்த எஞ்சினும் மீட்டுத் தராது.

எடை குறைந்த, ரியர் வீல் டிரைவ் உள்ள சின்ன காராகப் பாருங்கள். 1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா, ஏறத்தாழ ஒரு டன்தான். தொடக்கத்தில் வந்தது 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன் அளவுதான். ஆனாலும் கோன்களுக்கு நடுவே அது பெரிய கார்களுக்குத் தண்ணி காட்டும். பழைய கார் என்பதால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். கதவுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் அடிப்பகுதியைக் குனிந்து, கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் வடிகிற குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் துரு பிடிப்பது அங்கேதான். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அதன் முன்னால் பெல்ட் ஓடும் புல்லியைக் கவனியுங்கள். 1990, 91 வாக்கில் வந்த சில எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் முனையில், புல்லி நகராமல் பூட்டும் சின்ன இரும்புத் துண்டு (கீ) உட்காரும் பள்ளம் தேய்ந்துபோகும் கோளாறு உண்டு. புல்லி தள்ளாடினால் விலையே கேட்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஹோண்டா எஸ்2000 ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். மெக்கானிக்கை அழைத்துவந்து காட்டிவிட்டு முடிக்கலாம் என்றேன். “நாளைக்கு இன்னொருத்தர் முழுப்பணத்தோடு வருகிறார்” என்கிறார் விற்பவர். என்ன செய்வது?
– அவசரத்தில் இருப்பவர்

பதில்: வருகிறவரே வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: அண்ணே, விளம்பரத்தில் “எல்.எஸ்.டி. பொருத்தியது” (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்) என்று இருந்ததை நம்பிக் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கினேன். வளைவை விட்டு வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றிப் புகைகிறது. விற்றவரிடம் கேட்டால் “உனக்கு ஓட்டத் தெரியவில்லை” என்கிறார். ஒருவேளை அதுதான் உண்மையா?
– தன்மேலேயே சந்தேகப்படுபவர்

பதில்: தம்பி, முதலில் அந்தச் சந்தேகத்தை விடுங்கள். வாங்கியவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லி வாயை அடைப்பது இந்த வியாபாரத்தில் பழைய வித்தை. அவர் வாயைக் காரே அடைக்கட்டும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள். முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அடுத்த சக்கரம் நோகாமல் எதிர்த்திசையில் சுற்றினால் உள்ளே இருப்பது சாதாரண டிஃபரென்ஷியல். கிளட்ச் வகை எல்.எஸ்.டி. என்றால் இறுக்கிப் பிடிக்கும். டார்சன் வகை சுற்றினாலும் கையில் எதிர்ப்பு தெரியும். தேய்ந்துபோன விஸ்கஸ் வகையும் சாதாரணம் மாதிரியே லேசாகச் சுற்றும்தான், ஆனால் நீங்கள் பணம் கொடுத்தது செத்துப்போன எல்.எஸ்.டி.க்கு இல்லையே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: உள்சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டால் டார்சனும் கைவிட்டுவிடும். அதனால் சண்டைக்குப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

செய்யும்போது வண்டியின் நம்பரும் தெரிகிறமாதிரி ஒரே வீச்சில் வீடியோ எடுங்கள். விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவையுங்கள். இனிமேல் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். “காரைத் திருப்பி எடுத்துக்கொள்” என்று ஆரம்பித்தால் ஆள் காணாமல் போய்விடுவார். வேலை செய்கிற ஒரு எல்.எஸ்.டி.யும் அதை மாட்டும் கூலியும் எவ்வளவு என்று கணக்குப் போட்டு அந்தத் தொகையைக் கேளுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் புகாருக்கு வேண்டிய காகிதம் அதற்குள் உங்கள் கையில் தயாராக இருக்கும்.

கேள்வி: ஏர் இன்டேக், சைலன்சர், கியர் நாப், பின்னால் ஒரு விங் எல்லாம் மாற்றிவிட்டேன். ரன் நேரத்தில் அரை விநாடிகூடக் குறையவில்லையே?
– ஏமாற்றத்தில் இருப்பவர்

பதில்: சத்தம் கூடியிருக்குமே. காசு அதற்குத்தான் போனது.

கேள்வி: போட்டியை விட்டு விலகிய ஒருவரிடம் 200 டிரெட்வேர் (தேய்மான எண்) டயர் நான்கு மலிவாகக் கிடைத்தது. பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆனால் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரையில் போகிறமாதிரி கார் வழுக்குகிறது. சஸ்பென்ஷனை மாற்றலாமா?
– வழுக்கிக்கொண்டிருப்பவர்

பதில்: சஸ்பென்ஷனைத் தொடாதீர்கள். மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், இந்த விஷயத்தில் நான் சீக்கிரம் எழுந்திருக்கிற ஆள் இல்லை.

பட்டன் இருப்பது தண்ணீரை வெளியே தள்ள. காய்ந்த தரையைப் பிடிப்பது ரப்பர். புது டயரின் பட்டனைக் காசு கொடுத்துச் சீவி எடுத்துவிட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உயரமான பட்டன் வளைவில் நெளியும் என்பது அவர்கள் கணக்கு. ரப்பரோ, ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. ஓட்டாமல் ஓரமாக வைத்தாலும் காற்றும் வெயிலும் அதை விடுவதில்லை. விற்பவரோ பட்டனில் ஒரு நாணயத்தைச் செருகிக் காட்டி “பாருங்க சார், புதுசு” என்பார். வாங்குகிறவரும் தலையை ஆட்டுவார். டயர் இளமையா கிழமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

நானும் கேட்காதவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு செட் வாங்கினேன், பக்கச்சுவரெல்லாம் பாலிஷ் போட்டு மினுமினுவென்று இருந்தது, வீலோடு மாட்டியே கொடுத்தார்கள். மூன்றாவது ரன்னில் கார் நேராகப் போய் ஐந்து கோன்களை வாரிக்கொண்டது. தேதியைப் பார்க்கலாம் என்றால் நான்கு டயரிலும் வெளிப்பக்கம் ஒன்றுமே இல்லை. தேதி இருக்கும் முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும் என்பது விதி. அந்தப் பக்கம் நான்கிலும் உள்ளே திரும்பியிருந்தது. தரையில் மல்லாந்து படுத்து, போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றை விரலால் துடைத்துப் படித்தேன். ஏழு வயது. என்னோடு வந்த பையன் மேலே நின்றுகொண்டு “என்ன அண்ணே, கிடைச்சுதா?” என்றான். கிடைத்தது.

2000-ம் ஆண்டிலிருந்து அந்தக் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும். 3519 என்றால் 2019-ன் 35-வது வாரம். மூன்று எண்தான் இருக்கிறது என்றால் அது அதற்கும் முந்தையது, அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். நகத்தை வைத்து ரப்பரை அழுத்துங்கள், தடம் பதியாமல் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் வேண்டாம். டூரோமீட்டர் என்று ரப்பரின் கடினத்தை அளக்கும் சின்னக் கருவி உண்டு. அதே ரகப் புது டயரோடு, ஒரே சூட்டில், ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்.

அந்த 200 என்ற எண்ணையும் கும்பிட வேண்டாம். அது பிடிப்புக்கான மார்க் இல்லை, தேய்மானத்துக்கானது. 100 மதிப்புள்ள ஒரு ஒப்பீட்டு டயரோடு ஓட்டிப் பார்த்து, கம்பெனியே தன் டயருக்குப் போட்டுக்கொள்வது. தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற கதை. இரண்டு கம்பெனிகளின் 200 ஒரேமாதிரி ஓடும் என்று யாரும் உங்களுக்குச் சத்தியம் செய்யவில்லை.

உங்கள் டயர் விஷயம்: நேரில் பார்த்து வாங்கியதால் பணம் திரும்புவது கஷ்டம். தேதியைக் கேட்டு அவர் பொய்யாகப் பதில் எழுதியிருந்தால் மட்டும் பிடி உண்டு. மைதானத்தில் பழக வைத்துக்கொள்ளுங்கள். மழைச்சாலையில் அதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: 32 கிளிக் அட்ஜஸ்ட் உள்ள மலிவான கோய்லோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செட்) போட்டு, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று காரை முடிந்தவரை தாழ்த்திவிட்டேன். இப்போது சின்ன மேட்டில்கூடத் துள்ளுகிறது. போட்டியிலும் என்னைப் பெரிய பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இது நியாயமா?
– துள்ளல் தாங்காதவர்

பதில்: நியாயம்தான். விதிப்புத்தகத்தைப் படிக்காமல் பொருள் வாங்கினால் இப்படித்தான் ஆகும். எஸ்.சி.சி.ஏ.யின் ஸ்ட்ரீட் பிரிவில் ஷாக்கை மாற்றலாம், ஸ்பிரிங் கம்பெனி போட்டதாகத்தான் இருக்க வேண்டும். கோய்லோவர் போட்ட நிமிஷமே நீங்கள் அந்தப் பிரிவை விட்டு வெளியே. உங்கள் கிளப்பின் விதி வேறாக இருக்கலாம், ஆனால் அதைக் கேட்க ஒரு போன் போதுமே?

துள்ளுவதற்குக் காரணம் நீங்கள் தாழ்த்தியது. ஷாக் இறங்க இடமில்லாமல் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேலேயே கார் உட்கார்ந்திருக்கிறது. ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி ஒரு ரன் ஓட்டுங்கள். அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை ஷாக் இறங்கியிருக்கிறது. ரப்பரை முட்டி நின்றால் காரை உயர்த்துங்கள்.

கிளிக் பற்றிப் பேசுகிற யோக்கியதை எனக்கும் குறைவுதான். இதேமாதிரி ஒரு செட் வாங்கி ஒரு சீசன் முழுக்க மைதானத்தில் குந்தியபடி, ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் நாபைக் கிளிக் கிளிக்காகத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஷாக்கைச் சோதிக்கிற எந்திரத்தில் ஏற்றிப் பார்த்தபோது, பத்தாவது கிளிக்குக்கு அப்புறம் வரைபடத்தில் எல்லாக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தது. அதாவது 22 கிளிக் வெறும் சத்தம். முன்பக்க ஷாக் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. வாங்குமுன் சோதனை வரைபடத்தைக் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: டாட் 4-ஐ விட டாட் 5 பெரிய நம்பர் என்பதால் அந்த பிரேக் ஆயிலை வாங்கி, இருந்ததோடு சேர்த்து ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?
– சிக்கனக்காரர்

பதில்: காரை எடுக்காதீர்கள். டாட் 3, 4, 5.1 ஒரு சாதி; டாட் 5 சிலிகான். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. டப்பாவிலேயே சிலிகான் என்று எழுதியிருந்திருக்கும், நீங்கள் நம்பரை மட்டும் படித்திருக்கிறீர்கள். முழுக்க வடித்து, கழுவி, புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஒரு நிமிட ரன்னுக்கு அது தாராளம். ஈரம் உறிஞ்சினால் 155 வரை இறங்கலாம், ஆகவே பெரிய நம்பரைத் தேடுவதைவிட வருடா வருடம் மாற்றுங்கள்.

கேள்வி: என் ஓப்பன் காரில் சீட்டுக்குப் பின்னால் குரோம் வளையம் மாட்டியிருக்கிறது. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் என்று சொல்லித்தான் விற்றார்கள். போதுமா?
– கூரை இல்லாதவர்

பதில்: போட்டோவுக்குப் போதும். அடியில் பார்த்தால் நாலு சின்ன போல்ட்டில் மெல்லிய தகட்டில் நிற்கிறதா? அது அலங்காரம். நிஜமான பார் போட்டபின் ஹெல்மெட்டோடு உட்காருங்கள், ஒரு துடைப்பக் கம்பை பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் வரை வைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் கம்பைத் தொட்டால் சீட்டைத் தாழ்த்த வேண்டும்.

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் பாதி விலைக்கு, ஸ்னெல் பாதுகாப்புச் சான்று உள்ளது என்று ஒரு ஹெல்மெட் வாங்கினேன். வெளியே ஸ்டிக்கர் இருக்கிறது, உள்ளே லேபிளே இல்லை. போட்டிக்கு முன் நடக்கும் சோதனையில் நிராகரித்துவிட்டார்கள், எல்லோர் முன்னாலும் அவமானமாகப் போய்விட்டது.
– கல்லூரி மாணவி

பதில்: அவமானம் விற்றவனுக்கு, உங்களுக்கு இல்லை தங்கச்சி. ஸ்னெல் சான்று லேபிள் உள்ளே, மெத்தைத் துணிக்கு அடியில், வரிசை எண்ணோடு இருக்கும். வெளி ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சான்று பெற்ற மாடல்களின் பட்டியலை ஸ்னெல் அறக்கட்டளையே வெளியிடுகிறது, அதில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் படங்களோடு “போலிப் பொருள்” என்ற காரணத்தைக் குறிப்பிட்டே பணத்தைக் கேளுங்கள். “பிடிக்கவில்லை” என்று போட்டுவிடாதீர்கள், அதையே சாக்காக வைத்து இழுத்தடிப்பார்கள். அடுத்த முறை எஸ்.ஏ. என்று குறித்ததை வாங்குங்கள், அது கார் பந்தயத்துக்கானது, உள்துணி சட்டென்று தீப்பிடிக்காது. எம். என்பது மோட்டார்சைக்கிளுக்கு. அதையும் ஏற்கிற கிளப்புகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்கிற கோணம், மைனஸ் இரண்டரை டிகிரி வேண்டும் என்றுதான் சொன்னேன். அலைன்மென்ட் கடையில் “எல்லாம் பச்சை” என்று தாளை நீட்டினார்கள். டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது.
– பச்சையை நம்பியவர்

பதில்: பச்சை என்றால் கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் சொன்னது செய்யப்பட்டது என்று இல்லை. தாளில் எண்ணைப் படியுங்கள். சரிசெய்யுமுன் எடுத்த அளவும் சரிசெய்தபின் எடுத்த அளவும் இல்லாத தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். டயர் தோளில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டுங்கள், கோடு எதுவரை அழிகிறது என்பது கேம்பரும் காற்றும் போதுமா என்று சொல்லிவிடும்.

கேள்வி: உங்கள் அந்த 32 கிளிக் செட்டைப் பற்றி முன்பும் புலம்பியிருக்கிறீர்கள். இன்னும் இருந்தால் குறைந்த விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.
– பேரம் பேசுபவர்

பதில்: இருக்கிறது, தரமாட்டேன். ஒன்று ஷெட் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருக்கிறது. மற்ற மூன்றில் எண்ணெய் கசிகிறது.