ஸ்டேஷனும் பள்ளிக்கூடமும் ஊரும்: வாசகர் கேள்வி பதில்

காவல்துறையின் ஊர்ப் பாதுகாப்புப் பணிகள், இளைஞர்களுக்கான முயற்சிகள் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். முதலில் ஒரு தெளிவு. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை போன்ற மாநகரப் பகுதிகள் கமிஷனரின் கீழ் வருகின்றன. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, சங்கரன்கோவில் வாசகர்கள் மனுவை எழுத வேண்டியது தென்காசி எஸ்.பி.க்கு.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பஸ் ஸ்டாண்டில் நடந்த அடிதடிக்காக ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். கேஸ் ஆகிவிட்டால் வேலைக்கே போக முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்? (பேட்டை வாசகி)

பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவனுடைய வயதுச் சான்றை எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளிக்கூடம் தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் சட்டம் முதலில் பார்க்கும். அது இல்லையென்றால் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. பல குடும்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். மீசை முளைத்த பையனைப் பார்த்து 19 என்று எழுதிவிட்டால், அதைத் திருத்த நீங்கள் நீதிமன்றம் வரை அலைய வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். உதவி எஸ்.ஐ. அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் உள்ளவர் அவர். 'அவரைப் பார்க்க வேண்டும்' என்று கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. அவனைக் கையாளும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. வாக்குமூலம் எதிலும் அவனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பிடித்ததும் பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் போக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

எப்.ஐ.ஆர். விஷயத்துக்கு வருவோம். குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றமாக இல்லாவிட்டால், சிறார்மீது எப்.ஐ.ஆர். பதியக் கூடாது என்பதே விதி. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் வீடு, படிப்பு, சேர்க்கை பற்றிய சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவார்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 18 தாண்டியவர்களோடு சேர்ந்து செய்திருந்தால் எப்.ஐ.ஆர். வரும். கல்லூரியில் படிக்கும் அண்ணன்மார்கள் 'சும்மா கூட வாடே' என்று பள்ளிப் பையன்களை அழைத்துப்போவது இந்தப் பக்கம் வழக்கமாகிவிட்டது. கூட நின்ற சின்னவனையும் அது வழக்குக்குள் இழுத்துவிடும். உங்கள் மகனோடு யார் யார் இருந்தார்கள், அவர்களுடைய வயது என்ன என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்ற பேதமில்லாமல், சிறாருக்கு ஜாமீன் கொடுப்பதுதான் பொதுவிதி. குற்றவாளிகளின் சகவாசத்துக்கோ ஆபத்துக்கோ போய்விடுவான், விட்டால் நீதியே குலைந்துவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான், விசாரணை முடியும்வரை சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்புவார்கள். அவன் செய்தது உறுதியானாலும் அதைக் காரணம் காட்டி எதிர்காலத்தில் தகுதியிழப்பு வராது என்று பிரிவு 24 சொல்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் கொடுங்குற்றங்களுக்கு இந்தச் சலுகை எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஊர்ப் பெரியவரையோ கட்சிக்காரரையோ கூட்டிக்கொண்டு போய், ஸ்டேஷன் வாசலில் பணம் பேசி முடித்துவிட்டு, எந்தக் காகிதமும் வாங்காமல் பையனை அழைத்து வராதீர்கள். அப்படி முடித்த விவகாரம் எழுத்தில் இருக்காது. நாளை அடுத்த தரப்பு புதிதாக மனு கொடுத்தால் உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு வருடம் ஒருமுறை போலீஸ் அதிகாரி வந்து பேசுகிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறோம், முடிந்துவிடுகிறது. கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டுவதும் நின்றபாடில்லை. உருப்படியாக என்ன செய்யலாம்? (வள்ளியூர் பக்கத்து ஆசிரியை)

600 பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து ஒருவர் மைக்கில் பேசினால், அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு வகுப்பு, 40 பேருக்குள், ஒரே அதிகாரி, மாதம் ஒருமுறை என்று ஸ்டேஷனில் கேளுங்கள். இன்ஸ்பெக்டரே வர வேண்டும் என்பதில்லை. உங்கள் பகுதி ரோந்து ஏட்டையாவும் ஒரு பெண் காவலரும் போதும். பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்க்கப்போகிற முகத்திடம்தான் பிள்ளைகள் பேசுவார்கள். 8, 9ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள். மாணவர் காவல் படைத் திட்டம் அந்த வகுப்புகளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பிளஸ் 1 வருவதற்குள் யார் எந்தக் கூட்டம் என்பது முடிவாகிவிடும்.

வருவதற்கு 2 நாள் முன்னால் பெயர் எழுதாத சீட்டுகளில் கேள்வி வாங்கி அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். 'இன்ஸ்டாகிராமில் என் போட்டோவை வைத்து மிரட்டுகிறான்', 'டவுன் பஸ்ஸில் எங்களை ஜன்னலோரம் உட்கார விடமாட்டார்கள்' என்பதெல்லாம் சீட்டில்தான் வரும், மைக்கில் வராது.

கயிற்றைப் பொறுத்தவரை எங்கள் கருத்து உறுதியானது. அதை அவிழ்ப்பது ஆசிரியர் வேலை, போலீஸ் வேலை அல்ல. காக்கிச் சட்டைக்காரர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தால், அன்று மாலையே அந்தக் கயிறு வீரப் பதக்கமாகிவிடும். நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கையும் சாதி அடையாளக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்கச் சொல்கிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும், ஒரே நாளில், பெற்றோர் கூட்டத்தில் அறிவித்துவிட்டு நடைமுறைப்படுத்துங்கள். ஒரு தரப்பை மட்டும் முதலில் கேட்டால் அதுவே அடுத்த சண்டைக்கு விதை.

போலீஸிடம் கேட்க வேண்டியது வேறு உதவி. காலையில் பள்ளி கூடும் நேரம், மாலையில் விடும் நேரம், இந்த இரண்டு வேளையும் பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளி வாசல்வரை ஒரு காவலர் நிற்கட்டும். வகுப்பில் தொடங்கிய உரசல் கைகலப்பாக மாறுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

சந்துரு குழுவை அமைக்கக் காரணமான, துன்புறுத்தலைச் சொன்ன மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய 2023 ஆகஸ்ட் நாங்குநேரிச் சம்பவம் கற்றுத்தந்த ஒன்றை எந்தப் பள்ளியும் மறக்கக் கூடாது. துன்புறுத்தலைச் சொன்ன பிள்ளைக்கு ஆபத்து அதிகம் இருப்பது, சொன்ன அன்றைக்குத்தான். எதிர்த்தரப்பு மாணவர்களைக் கூப்பிட்டு 'இவன் புகார் கொடுத்திருக்கிறான்' என்று விசாரிக்காதீர்கள். முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் தகவல், அன்றிரவு அந்தத் தெருவில் ரோந்து, அதற்குப் பிறகு விசாரணை. இந்த வரிசை மாறக் கூடாது.

பாலியல் தொந்தரவை ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், அதை மறைக்க உங்களுக்கு உரிமையில்லை. போக்சோ சட்டம் பிரிவு 19ன்படி தகவல் தந்தே ஆக வேண்டும். ஸ்டேஷனுக்கு அழைத்துப்போகத் தேவையில்லை. பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி வாக்குமூலம் வாங்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகிய எண்களைக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று எண்ணை எழுதிக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது.

கேள்வி: ஊரில் ஆடு, மோட்டார் வயர் திருட்டு அதிகம். இளைஞர் மன்றத்தார் இரவுக் காவலுக்குத் தயார். போலீஸும் ஒத்துழைப்புக் கேட்கிறது. எதுவரை போகலாம்? (களக்காடு வாசகர்)

கண்ணும் காதுமாக இருக்கலாம், கையாக மாறக் கூடாது. 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் குழுவை 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த விவகாரத்தில் அந்தக் குழுவினர் பெயரும் அடிபட்ட பிறகு அரசு தடை செய்தது. அதிகாரமில்லாதவர் அதிகாரம் செலுத்தக் கூடாது என்பதை அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வண்டியை நிறுத்திச் சோதிப்பது, ஆதார் கேட்பது, கம்பு தூக்கிக்கொண்டு நடப்பது எதுவும் வேண்டாம். காவலுக்கு வருபவர்களின் பெயர்ப் பட்டியலை எழுத்தில் ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்குங்கள். 2 பேராகப் போங்கள். டார்ச், ஒளிரும் சட்டை, ரோந்துக் காவலரின் எண் போதும். சந்தேகம் வந்தால் 112. கோயில் வாசலிலோ பம்ப்செட் பக்கமோ பட்டா புத்தகம் (ரோந்து வந்ததைப் பதியும் நோட்டு) வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ரோந்து வரும் காவலர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டால், எந்த நேரம் காலியாகக் கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு உங்கள் ஆட்களைப் போடுங்கள்.

திருடும்போதே கண்முன் பிடித்தால்? ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் உங்கள் கண்முன் நடந்தால் நீங்களே பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், ஒப்படைத்துவிட வேண்டும். மின்கம்பத்தில் கட்டி வைத்து அடித்து வீடியோ எடுத்தால், திருட்டு வழக்கு ஓரமாகப் போய் ஊர்ப் பிள்ளைகள்மீது பெரிய வழக்கு வந்து நிற்கும். வீடியோவே அதற்குச் சாட்சி.

கேள்வி: தெருவுக்கு 4 சிசிடிவி போடப்போகிறோம். முன்பு போட்டது திருட்டு நடந்தபோது உதவவில்லை. (அம்பாசமுத்திரம் வாசகர்)

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். கேமராவை 20 அடி கம்பத்தில் ஏற்றியிருப்பீர்கள், உச்சந்தலை மட்டும் தெரிந்திருக்கும். முகம் தெரிய 10 முதல் 12 அடி உயரம் சரி. அடுத்தது லென்ஸ். கடைக்காரர் எல்லா இடத்துக்கும் 2.8 மி.மீ. லென்ஸையே மாட்டுவார். தெரு முழுக்கத் தெரியும், நாலைந்து மீட்டருக்கு அப்பால் வண்டி எண் தெரியாது. ஊர் நுழைவாயிலில் ஒன்றை மட்டும் 12 மி.மீ. வரை போகும் லென்ஸோடு, வண்டி மெதுவாகிற வேகத்தடை மேல் குறிவைத்து மாட்டுங்கள். முகப்பு விளக்கு கண்ணாடியில் நேராக அடிக்காதபடி சற்றுச் சாய்வாக இருக்கட்டும்.

மூன்றாவது, சேமிப்பு. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் நாளைக்கு ஏறக்குறைய 21 ஜிபி எழுதும். 4 கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் 12 நாள்கூடத் தாங்காது, பழையதன்மேல் புதியது பதிந்துவிடும். 30 நாள் வேண்டுமானால் 4 டிபி வாங்குங்கள். எல்லாம் சேர்ந்து 50 வாட் அளவில்தான் இழுக்கும், இன்வெர்ட்டரில் ஒரு லைன் கொடுங்கள். மாதம் ஒருமுறை சிலந்தி வலையைத் துடைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பட்டு, வலை வெள்ளைத் திரையாகப் படத்தை மறைக்கும். பதிவுப் பெட்டியான டிவிஆரின் கடிகாரத்தையும் அன்றே செல்போனோடு ஒத்துப்பாருங்கள். 17 நிமிடம் தவறினால்கூடக் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்கள். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சாட்சியமாகாது. டிவிஆரிலிருந்து நேரடியாக எடுத்து, பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்புடன், புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63(4)ன்படியான சான்றிதழோடு கொடுக்க வேண்டும்.

கேள்வி: மகன் கஞ்சா பழகிவிட்டான். போலீஸுக்குச் சொன்னால் அவனையே பிடிப்பார்களா? (மேலப்பாளையத்து அம்மா)

முதலில் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்குத் தொடரக் கூடாது என்று போதைப்பொருள் சட்டம் பிரிவு 64ஏ பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம், ஆகவே ஓ.பி. சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். எங்கு போவது என்று தெரியாவிட்டால் 14446. விற்பவனைப் பற்றிய தகவல் தனி விஷயம், அதற்கு 10581. எந்த இடம், எத்தனை மணி, என்ன வண்டி என்று மட்டும் சொன்னால் போதும். மகனைச் சாட்சியாக முன்னால் நிறுத்தாதீர்கள், நீங்களாகப் போய்ப் போட்டோவும் எடுக்காதீர்கள். சிறாருக்கு போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவருக்கு 7 ஆண்டுவரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு.

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் செயின் பறிப்பு. அருகிலிருந்த ஸ்டேஷனில் 'எங்க லிமிட் இல்ல' என்றார்கள். (பாளையங்கோட்டை வாசகி)

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 173ன்படி எந்த ஸ்டேஷனும் எல்லை பார்க்காமல் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாநகரில் கமிஷனர் அலுவலகத்துக்கு, வெளியே என்றால் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் மகளுக்கு டியூஷன் போக ஸ்கூட்டி வாங்கித்தரலாமா? (சேரன்மகாதேவி வாசகர்)

வேண்டாம். 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்குள், கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று கடையில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேல். பிடிபட்டால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, மகளுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட மின் வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது அந்த அங்கீகாரச் சான்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள். வேகப் பூட்டை எடுத்துத் தருகிறோம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பூட்டு எடுத்த வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமாகிவிடும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கிடைக்காது.